விலாசம் இல்லாத தண்ணி, வாசல் இல்லாத வண்டி

வாங்க மெம்பர் தம்பி. அந்தப் பலகை ஒரு பக்கமா சாயும், இப்படி வந்து உக்காருங்க. ஏம்மா, மெம்பர் வந்திருக்காரு, தேத்தண்ணி ஊத்து. சீனி கொஞ்சம் தூக்கலாப் போடு, சபையில பேசிப் பேசி வாய் கசந்திருக்கும்.

நேத்து வரைக்கும் டேய்னு கூப்பிட்ட பயல இன்னைக்கு நீங்க வாங்கன்னு கூப்பிட வாய் கொஞ்சம் கூசுது. இருந்தாலும் பதவிக்கு உள்ள மரியாதைய பதவிக்குக் குடுத்துத்தான் ஆகணும். உங்க தாத்தனும் நானும் ஒரே மலையில புல்லு வெட்டுனவங்க. அவன் இருந்திருந்தா உங்களப் பாத்து மொதல்ல சிரிச்சிருப்பான், அப்புறந்தான் மாலை போட்டிருப்பான். அவன் பங்குக்கும் சேத்து நானே ரெண்டையும் செஞ்சிருறேன்.

கையில என்னா, கடுதாசியா? ரெண்டு தீர்மானமா? நீங்களே வாசிங்க, எனக்கு இந்த வெளிச்சத்துல எழுத்து தெரியாது.

ம். ஒண்ணு, சபை எல்லைக்குள்ள இருக்கிற ஓடை, ஊத்து, பீலி எல்லாத்துக்கும் தண்ணி உரிமை யாருக்குன்னு சபை வரையறுக்கணும்; தண்ணி எடுக்கிறவங்க விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கணும். ரெண்டு, டவுனச் சுத்தி வீடுங்க இருக்கிற தெருவுல அந்தத் தெருவுக்காரங்க வண்டி மட்டுந்தான் நிறுத்தலாம்; அவுங்களுக்கு ஸ்டிக்கர், மத்தவங்களுக்கு அபராதம். அடடா, அடடா. இத எழுதுன கைக்கு ஒரு மோதிரம் போடணும். கஹவத்தையில மோதிரத்துக்குக் கல்லு தேட ரொம்பத் தூரம் போகவும் வேணாம்.

ஒரே ஒரு சந்தேகந்தான். தண்ணியும் சபையோடது இல்ல, பெரிய ரோட்டும் சபையோடது இல்ல. சம்பந்தி வீட்டு மாட்டுக்கு நாம கயிறு வாங்கப் போற கணக்கா இருக்கேன்னு கேட்டேன், கோவிச்சுக்காதீங்க.

இந்தக் கிழவனுக்குச் சட்டம் எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. தோட்டக் கமிட்டித் தலைவரா இருந்த காலத்துல எதக் கேட்டாலும் ஆபீசுல “சட்டத்துல இடமில்ல”ம்பாங்க. எந்தச் சட்டம், எந்த வருஷம், எத்தனாவது பிரிவுன்னு திருப்பிக் கேப்பேன். அவுங்க அலமாரியத் தொறந்து தேடி வாசிச்சுக் காட்டுறதுக்குள்ள எனக்கு ஒரு சட்டம் மனப்பாடம் ஆயிரும். பீஸ் கட்டாமப் படிச்ச படிப்பு.

சபையில நீங்க போய் உக்காந்திருக்கிறது பெருமைதான். அத வெளையாட்டாச் சொல்லல. 1937ல கிராமச் சங்கத்துக்கு யாரெல்லாம் வாக்குப் போடலாம்னு சட்டத்தத் திருத்துனப்ப, தோட்டத்துல இருக்கிற இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் கிடையாதுன்னு கதவச் சாத்துனாங்க. 1948ல பிரஜாவுரிமை போச்சு, அடுத்த வருஷமே பெரிய தேர்தல் வாக்கும் போச்சு. 1964ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் உக்காந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு அங்க, 3 லட்சம் பேரு இங்கன்னு பங்கு பிரிச்சாங்க. மிச்சத்த அப்புறம் பாக்கலாம்னு எழுந்திருச்சுட்டாங்க. ஒருவழியா வாக்கு திரும்பி வந்து பிரதேச சபைக்கும் போட ஆரம்பிச்சோம். அப்பத்தான் தெரிஞ்சது, 1987ஆம் வருஷத்து 15ஆம் இலக்கச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு, சபைக் காச தோட்டக் குடியிருப்புக்குச் செலவழிக்க விடாமக் குறுக்க நிக்குதுன்னு. வாக்கு எங்களோடது, வெளக்கு கிராமத்துக்கு. முப்பது வருஷம் இப்படியே போச்சு. 2018லதான் திருத்துனாங்க.

திருத்துன சூடு ஆறல, 2023 மார்ச்சுல சபைகளோட காலம் முடிஞ்சிருச்சு. தேர்தல் வைக்கக் காசில்லன்னு சொல்லி, சபைக்கு ஆளே இல்லாம செயலாளருங்க கையில விட்டாங்க. தேர்தல் வைக்காதது அடிப்படை உரிமை மீறல்னு 2024 ஆகஸ்ட்டுல உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்புறம் 2025 மே 6ஆம் தேதி வாக்குப் போட்டு, நாடு பூரா 339 சபைக்கும் ஆள் அனுப்புனோம். அதுல ஒரு நாற்காலி உங்களோடது. இவ்வளவு சுத்து சுத்தி வந்த நாற்காலியில உக்காந்து மொத வேலையா ஸ்டிக்கர் ஒட்டலாம்னு இருக்கீங்க. நல்லா ஒட்டுங்க. பசை மட்டும் நல்லதாப் பாத்து வாங்குங்க, இந்த ஊரு மழைக்கு நிக்காது.

தண்ணிக்கு வருவோம்.

தண்ணி யாரோடதுன்னு இங்க ஒரு ரவுண்டு கேட்டுப் பாருங்க. 1947ஆம் வருஷத்து 8ஆம் இலக்க அரச காணிக் கட்டளைச் சட்டத்தக் கேட்டா, பொது ஓடையில ஓடுற தண்ணி அரசாங்கத்தோடதுங்கும். மலையக் கேட்டா, 1972லயும் 75லயும் அரசாங்கம் எடுத்து, 1992ல கம்பெனிங்க கையில குடுத்த மலை. 53 வருஷக் குத்தகை, 2045 வரைக்கும் ஊத்து சுரக்கிற மண்ணு அவுங்க பொறுப்பு. பைப்புல மீட்டர் வச்சு வந்தா 1975ல இருந்து இருக்கிற நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. கிராமத்துப் பக்கம் சங்கம் வச்சு டேங்கி கட்டியிருந்தா அது சங்கத்தோடது. லயத்துப் பக்கம் குழாய் போடணும்னா தோட்டத்து வீடு, தண்ணி வசதியப் பாக்குற ட்ரஸ்ட்டக் கேக்கணும், அதுவும் 1992ல வந்ததுதான். வயல்ல மாணிக்கக் குழி வெட்டி, குழியில ஊறுற தண்ணிய ராவும் பகலும் மோட்டார் வச்சு இறைக்கிறாங்கல்ல, அந்தக் குழிக்குப் பத்திரம் குடுக்கிறது தேசிய மாணிக்க ஆபரண அதிகார சபை. உங்க பிரதேச சபைக்கும் நீர் வழங்கல் நடத்தச் சட்டத்துல இடம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இத்தனை சொந்தக்காரன் இருக்கிற ஒரு பொருளுக்கு “உரிமைய நான் வரையறுக்கிறேன்”னு நீங்க நடுவுல போய் நின்னா, எல்லாரும் உங்களத் திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பார்வை நல்லா இருக்காது.

இன்னொண்ணு. இரத்தினபுரிச் சீமையில தண்ணிக்குப் பஞ்சம்னு வெளியூர்க்காரன் கிட்டச் சொன்னா நம்ப மாட்டான். 2003 மே மாசம், 2017 மே மாசம், களுகங்கை வீட்டுக்குள்ள வந்த கதையெல்லாம் அவன் பேப்பர்ல படிச்சிருப்பான். மே மாசம் வந்தா தண்ணிதான் உரிமைய எடுத்துக்கும், நாம கூரையில ஏறி நிக்கணும். அதே சீமையில பெப்ரவரியில எங்க லயத்துப் பொம்பளைங்க காலையில நாலரைக்கு பீலிக்கரையில குடத்த வரிசை வைக்கிறாங்க. வானத்துல இருந்து விழுற தண்ணிக்குக் கொறையே இல்ல. மலையில இருந்து லயத்துக்கு வர்ற அந்தக் கடைசித் தூரந்தான் வழியில செத்துப் போகுது.

அந்தத் தூரத்த ஒரு நாள் என்னோட நடந்து பாருங்க. கட்சி ஆளுங்க வேணாம், போட்டோ புடிக்கிற பையனும் வேணாம், அட்டைக்கு மட்டும் சவக்காரம் பூசிக்கிட்டு வாங்க. மேல காட்டோரத்துல ஊத்து. ஊத்துக்கு ஒரு சிமெந்துத் தொட்டி, மூடி ஒடைஞ்சு போய் தகரம் போட்டு மேல கல்லு வச்சிருக்கோம். தொட்டி வாயில பழைய நுளம்பு வலைய மடிச்சுக் கட்டியிருக்கும், எலையும் தவக்களையும் உள்ள போகாம இருக்க. தவக்களை அப்பவும் போகும். போனா ரெண்டு நாளைக்குத் தண்ணி நூலா வரும், மூணாம் நாளு நாறும், அப்பத்தான் எந்த எடத்துல மாட்டியிருக்குன்னு தெரியும். அங்க இருந்து எறக்கத்துல வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பைப்பு கொஞ்ச தூரம். அது துருப் புடிச்ச எடத்துல கறுப்பு அல்கத்தீன் பைப்பு. ரெண்டும் சேர்ற எடத்துல சைக்கிள் டியூப்ப நீளமா வெட்டி இறுக்கிச் சுத்திக் கம்பி போட்டிருக்கோம். புல்லு வெட்டுற கத்தி பட்டா ஒரு ஒட்டு, மாடு மிதிச்சா ஒரு ஒட்டு, காட்டுப்பன்னி கிண்டுனா ஒரு ஒட்டு. லயத்துக்கு வந்து சேரும்போது அது பைப்பா ஒட்டான்னு சொல்ல முடியாது. இந்தப் பைப்புல எந்த ஒட்டு யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும். உங்க தாத்தன் போட்டது ஒண்ணு இன்னும் ஒழுகாம நிக்குது.

இப்ப இந்த ஊத்துக்கு உங்க தீர்மானத்தப் போட்டுப் பாப்போம். விண்ணப்பத்த எடுங்க. பேரு, சரி. அடையாள அட்டை இலக்கம், சரி. விலாசம். ம். காணி உறுதி இலக்கம், அதோட போட்டோ பிரதி. ம், ம். இந்தக் கடைசிக் கட்டம் இருக்கு பாருங்க, அத இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க. நம்ம ஆளுங்க அதுல கோழி வரைஞ்சு குடுப்பாங்க. லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? எரநூறு வருஷமா இருக்கோம், ஒரு கடுதாசி வந்தா தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது. அங்க எடுத்து, பேரு பாத்து, பெரட்டுல கூப்பிட்டுக் குடுத்தா உண்டு. ஒரே பேருல மூணு பேரு இருக்கிற தோட்டத்துல பேங்குக் கடுதாசி மூணு கை மாறி, கடன் வாங்காதவன் வீட்டுல சண்டைய மூட்டிட்டுத்தான் கடன் வாங்குனவன் கிட்டப் போகும்.

ஆக எங்களால விண்ணப்பம் போட முடியாது. யாரால முடியும்? ஓடைக்குக் கீழ காணி வாங்கிச் சுவர் கட்டியிருக்கிறவரால முடியும். அவர் கிட்ட உறுதி இருக்கு, நில அளவைப் படம் இருக்கு, வக்கீல் இருக்காரு. உங்க பதிவேட்டுல மொத வரி அவரோடது. அவருக்கு மேல மலையில நாங்க எத்தனை தலைமுறையாக் குடிச்சிருந்தாலும் பதிவேட்டுல நாங்க கிடையாது. நாளைக்கு தை, மாசியில தண்ணி கொறையும்போது பதிஞ்சவருக்கு உரிமை, பதியாதவன் திருடன். இன்னைக்கு அந்த ஊத்துல எங்களுக்கு உரிமை இருக்கான்னு யாரும் கேக்கல; கேக்காத வரைக்கும் குடிச்சிக்கிட்டிருக்கோம். நல்லது செய்றேன்னு நீங்க அந்தக் கேள்விய எழுதி வச்சிட்டீங்கன்னா, பதில் சொல்ல எங்க கிட்டக் குடந்தான் இருக்கு.

இது நான் பயந்து சொல்றது இல்ல. 2000ஆம் வருஷம் கொழும்புல நீர்வளக் கொள்கைன்னு ஒண்ண அமைச்சரவையில நிறைவேத்துனாங்க. தண்ணி எடுக்க உரிமம், அந்த உரிமத்தக் கை மாத்தவும் செய்யலாம்னு அதுல ஒரு யோசனை. வயலுக்குப் பாயுற தண்ணிக்கு வரி வரப் போகுதுன்னு விவசாயிங்க நாடு பூரா எழும்புனாங்க. கடைசியில அத மடிச்சு வச்சாங்க. அதே 2000ல பொலிவியா தேசத்துல கொச்சபம்பான்னு ஒரு பட்டணம். அங்க தண்ணிய ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு, ஊரு சனம் தாங்களே தோண்டுன கெணத்துக்கும் கட்டணம் வரும்னு ஆனப்ப, சனம் தெருவுல எறங்கி ஏப்ரல்ல அந்த ஒப்பந்தத்தையே கிழிக்க வச்சது. எதுக்குச் சொல்றேன்னா, தண்ணி உரிமைன்னு வாயத் தொறந்த பெரிய பெரிய ஆளுங்களே ஓடி ஒளிஞ்சிருக்காங்க. உங்களுக்கு ஓடணும்னா டவுனுக்கு ஒரே ரோடுதான், அதுலயும் வண்டி நிறுத்தியிருக்கும்.

சரி, அந்த வண்டிக்கு வருவோம்.

பெல்மதுளையில இருந்து கொடகவெல, எம்பிலிப்பிட்டிய பக்கம் போற ஏ18 ரோடு நம்ம டவுனு நடுவுலதான் போகுது. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையோடது. அதுல ஒரு கல்லப் பேக்கணும்னாலும் நீங்க அவுங்களுக்கு எழுதணும். கோடு போடுறதுக்கும் போர்டு நடுறதுக்கும் பொலிசும் சேரணும். உங்களுக்கு மிச்சம் இருக்கிறது பக்கத்துச் சின்னத் தெருவுங்க. அதனாலதான் சின்னத் தெருவுல பெரிய சட்டம் போடலாம்னு பாக்குறீங்க, எனக்குப் புரியுது.

அந்தத் தெருவுல யாரு வண்டி நிறுத்துறான்? பாதிக்குப் பாதி நம்ம பயலுங்க. தோட்டத்துல பேர் பதிய மாட்டேன்னுட்டு லீசிங்ல த்ரீவீல் எடுத்தவங்க. 2020 மார்ச்சுல இருந்து 2025 பெப்ரவரி வரைக்கும் வாகன இறக்குமதிக்குத் தடை போட்டு வச்சதுல, பழைய த்ரீவீலே பவுன் விலைக்குப் போச்சு. அந்த விலைக்கு வாங்கி, மாசா மாசம் கட்டிக்கிட்டிருக்கான். ஆஸ்பத்திரிக்கு ஆள ஏத்திக்கிட்டு வர்றான். உள்ள போன ஆளு வர்ற வரைக்கும் எங்க நிப்பான்? ஸ்டாண்டுல நின்னா ஸ்டாண்டுச் சங்கத்துக்காரன் வெரட்டுறான், பெரிய ரோட்டுல நின்னா பொலிசு, பக்கத்துத் தெருவுல நின்னா இனிமே மெம்பர் தம்பியோட ஸ்டிக்கர்.

தெருவுக்காரங்களையும் பாத்திருக்கேன். வீடு கட்டும்போது படத்துல கராஜுன்னு ஒண்ணு காட்டியிருப்பாங்க. கட்டி முடிஞ்ச மறுமாசம் அந்தக் கராஜுல சலூன் வரும், இல்லன்னா போன் ரீலோடு போடுற கடை வரும். வாடகை உள்ள போகும், காரு வெளிய வந்து தெருவுல படுக்கும். அந்தக் காருக்குத்தான் நீங்க ஸ்டிக்கர் குடுக்கப் போறீங்க. சபையில இருந்து ஒரு ஆள அனுப்பி, அனுமதி வாங்குன வீட்டுப் படத்தையும் இப்ப இருக்கிற வீட்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. பாதி நெரிசல் அந்தப் படத்துக்குள்ளேயே தீந்துரும். ஆனா அதச் செய்ய மாட்டீங்க. அந்தக் கராஜுக்காரங்கதான் தேர்தலுக்கு போஸ்டர் அடிச்சுக் குடுத்தாங்க, எனக்குத் தெரியும், நீங்க தலையச் சொறிய வேணாம்.

ஜப்பான்ல ஒரு சட்டம் இருக்கு, 1962ல இருந்து. காரு வாங்க முந்தி, அத நிறுத்த உனக்கு எடம் இருக்குன்னு பொலிசுல சான்று வாங்கணும்; அந்த எடம் வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். நம்ம நாட்டுல ஓடுற வேன்ல பாதி அங்க ஓடித் தேஞ்சதுதான். வேனக் கப்பல்ல ஏத்துனவங்க சட்டத்த ஏத்தாம விட்டுட்டாங்க, புண்ணியவானுங்க. அந்தச் சட்டம் இங்க வந்தா, எங்க லயத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள என்னா இருக்குன்னு நெனைச்சுப் பாருங்க. கொழுந்து மலை, ரப்பர் மலை, கோயில், பெரிய துரை பங்களா. பங்களா முன்னால இருபது த்ரீவீல் நிக்கலாம், புல்லும் அழகா வெட்டியிருக்கு. கேட்டுப் பாக்கலாமா? நீங்க மெம்பர், நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்.

லயத்துல வண்டி ராத்திரி எங்க தூங்குதுன்னு தெரியுமா? காம்பராவுக்கு முன்னால இஸ்தோப்பு, அதுக்கு முன்னால மூணடி சிமெந்துக் கட்டு, அப்புறம் கான். வாசல்னு ஒண்ணு கிடையாது. அதனால மேட்டுல கோயில் பக்கம் பலா மரத்தடியில நிறுத்துறாங்க. காலையில பலா மூசு விழுந்து கூரைத் துணி ஓட்டை. மழைக்காலத்துல மேட்டுக்கு ஏறாது, கீழ பாலத்துக்கிட்ட விட்டுட்டு நடந்து வரணும். பேட்டரியக் கழட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு வர்ற பயலுங்களப் பாத்திருக்கேன். குழந்தையப் படுக்க வைக்கிற எடத்துக்கிட்டயே அதையும் வச்சுக்கிட்டுத் தூங்குவாங்க. அவன் வண்டிப் பத்திரத்துலயும் விலாசம்னு தோட்டத்துப் பேருதான் இருக்கும். அந்தத் தோட்டத்துல அது எந்த லயம், எந்தக் காம்பரான்னு பத்திரத்துக்குத் தெரியாது, லீசிங் வசூலுக்கு வர்றவனுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிருது.

புது வீடு வருதேன்னு சொல்லுவீங்க. 2017 மேயில இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் பத்தாயிரம் வீடுன்னு சொல்லிட்டுப் போனாரு. வீடு 550 சதுர அடி, காணி ஏழு பேர்ச். சந்தோசந்தான். ஏழு பேர்ச்சுன்னா 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல. அதுல வீடு போக, கக்கூசுக் குழி, வெறகு அடுப்புக்கு ஒரு தகரக் கொட்டகை, கோழிக்கூடு, நாலு கத்தரிச் செடி, சரிவுல மண்ணு சரியாம இருக்க ஒரு கல்லுக்கட்டு. வண்டிக்கும் எடம் இருக்கும், மகனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு அறை இழுத்துக் கட்டுற வரைக்கும். ஆனா அந்தக் காணிக்கு ஒரு பத்திரம் வருது, வீட்டுக்கு ஒரு நம்பர் வருது. ஏழு பேர்ச்சுல எனக்குப் பிடிச்சது அதுதான்.

இப்ப உங்க ரெண்டு தீர்மானத்தையும் சேத்து வச்சுப் பாருங்க. தண்ணிக்கும் விலாசம் கேக்குது, வண்டிக்கும் விலாசம் கேக்குது. விலாசம் உள்ளவனுக்கு ஏற்கெனவே குழாய் இருக்கு, கேட்டும் இருக்கு. சட்டம் எழுதுறவன் கெட்டவன்னு சொல்ல வரல. அவன் வீட்டுல கேட்டு இருக்கு, அதனால எல்லார் வீட்டுலயும் கேட்டு இருக்கும்னு நெனைச்சு எழுதிருறான். நீங்க லயத்துல பொறந்தவரு. நீங்களும் அப்படியே எழுதிட்டு வந்திருக்கீங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. யாரு எழுதிக் குடுத்தா? டவுன்ல யாரோ டைப் அடிச்சுக் குடுத்தாங்களா? நெனைச்சேன். எழுத்து ரொம்ப நேரா இருக்கு.

தீர்மானம் எடுத்தா அடுத்த நாளே சட்டம்னு நெனைச்சுராதீங்க. உபவிதின்னா சபை நிறைவேத்தி, மேல அனுமதி வாங்கி, வர்த்தமானியில வரணும். உள்ளூராட்சி மாகாணத்துக்குள்ள வர்ற விஷயம். சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர்ல, அந்தச் சபை முடிஞ்சது 2017ல. அதுக்கப்புறம் ஆளுநர்தான். ஆக உங்க கடுதாசி ஏறிப் போற படிக்கட்டுல ஒரு மாடியையே காணோம். எதுக்கும் நல்ல கவர்ல போட்டு அனுப்புங்க, வழியில நனையாம இருக்கட்டும்.

அப்ப என்னாதான் செய்யச் சொல்றீங்கன்னு கேக்குறீங்க. கேட்டுட்டீங்கள்ல, இனிமே கெழவன் வாய மூட மாட்டான்.

இந்த ரெண்டு கடுதாசியையும் கிழிக்க வேணாம், பெட்டியில வையுங்க. அதுக்கு முந்தி ஒரு சின்னத் தீர்மானம் கொண்டு போங்க. சபை எல்லையில இருக்கிற ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பேரு, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு நம்பர். தெருவுக்குப் பேரு வைக்கிறதும் வீட்டுக்கு நம்பர் போடுறதும் சபைங்க செய்ற வேலைதான், யாரும் எழும்பிக் கத்த மாட்டாங்க. கம்பெனிக்காரங்க சம்மதம் வேணும்னா, அவுங்க கிட்ட “நம்பர்தான் கேக்குறோம், நெலம் கேக்கல”ன்னு சொல்லுங்க. நம்பர் வந்தா என்னா வரும்னு அவுங்களுக்கும் தெரியும், அதனால கொஞ்சம் இழுப்பாங்க. இழுக்கட்டும். தபால்காரரையும் கிராம சேவகரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அவுங்க ரெண்டு பேருக்கும் இதுல எங்கள விட ஆச அதிகம். பேரு வைக்கும்போது மட்டும் எந்த மந்திரி பேரும் வேணாம், மந்திரி மாறுனா போர்டு மாத்தணும். மேட்டு லயம், பலாமரத்து லயம், சனம் இப்பக் கூப்பிடுற பேரே போதும்.

ரெண்டாவது, தண்ணிக்கு அனுமதி குடுக்கிற பதிவேட்டுக்குப் பதிலா, குடிக்கிறவங்க பதிவேடு ஒண்ணு எழுதுங்க. எந்த ஊத்து, எங்க இருந்து எங்க வருது, எத்தனை குடும்பம் குடிக்குது, எத்தனை வருஷமா. கட்டணம் கிடையாது, அனுமதி கிடையாது, இருக்கிறத இருக்கிறபடி எழுதுறது மட்டுந்தான். நாளைக்கு வேற யாராவது உரிமைன்னு ஒரு கட்டோட வந்தா, சபைக் கையெழுத்தோட எங்க பேரு ஏற்கெனவே தாள்ல இருக்கும். பக்கத்துல மாணிக்கக் குழி தோண்டினா அதையும் அதுலயே எழுதுங்க, எந்த மாசம் மோட்டார் ஓடுனது, எந்தக் கெணறு எறங்குனதுன்னு. குழிக்காரங்களோட சண்டைக்குப் போக வேணாம், அதுலயும் நம்ம பயலுங்கதான் சேத்துல எறங்கி, இல்லம்னு சொல்ற மாணிக்க மண்ண அரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

அத எழுதுற வேலைய நீங்க செய்யாதீங்க. உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில பொம்பள மெம்பருங்க இருக்காங்கள்ல, 25 சதவீதம்னு சட்டத்துல வந்தவங்க. இப்ப அவுங்களுக்கு சபையில மாலை வாங்கிக் குடுக்கிற வேலையத்தான் குடுக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். இத அவுங்க கிட்டக் குடுங்க. இருபது லீட்டர் கேனு இருபது கிலோ கனம்னு அவுங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். காலையில அதச் சொமந்துட்டுத்தான் பெரட்டுக்குப் போய் கொழுந்துக்கூடையச் சொமக்குறாங்க.

வண்டிக்கு, ஸ்டிக்கர விட்டுட்டு நிறுத்த ஒரு எடம் தேடுங்க. பழைய ரயில் ஞாபகம் இருக்கா? உங்களுக்கு எங்க இருக்கப் போகுது. களனிவெளிச் சின்ன ரயிலு இரத்தினபுரி தாண்டி இந்தப் பக்கமா ஓபநாயக்க வரைக்கும் வந்தது. எழுபதுகள்ல அவிசாவளைக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தையே கழட்டிட்டாங்க. அந்தப் பாதைக் காணியெல்லாம் யாரு யாரு கையில இருக்குன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. மெதுவாக் கேளுங்க. பதில் சொல்றவங்க மொகத்த மட்டும் பாத்துக்கிட்டே கேளுங்க, பத்து த்ரீவீலுக்கு எடம் கிடைக்குதோ இல்லையோ, பொழுது நல்லாப் போகும்.

தேத்தண்ணி ஆறிப் போச்சு, குடிங்க. என்னா, எழுதிக்கிட்டீங்களா? எழுதிக்கிட்ட தாளுக்குப் பின்னால இன்னொண்ணும் எழுதிக்குங்க. பெரிய கல்லுக்குக் கீழ பைப்பு முந்தாநேத்து கழண்டிருச்சு. முக்கால் இஞ்சி அல்கத்தீன் இருபது அடி, சாக்கெட் ரெண்டு, கிளிப் நாலு. அதுக்குத் தீர்மானம் வேணாம், வர்த்தமானியும் வேணாம், பில்லுல கட்சிப் பேரும் வேணாம். கடை ஆறு மணிக்கு மூடிருவான், இப்பவே எறங்குங்க. வேனை இங்கேயே விட்டுட்டு நடந்தே போ, தம்பி. கடைக்கு முன்னால நிறுத்த எடம் இருக்காது.